ஹண்டர்வாலி: பெர்த்தில் பிறந்து பம்பாய்க்காரியான நாடியா

நாடியா என்ற பெயரைச் சொன்னதும் நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நதியாதான். 1985-ல் 'பூவே பூச்சூடவா' வெளிவந்த பிறகு நதியா கம்மல், நதியா கொண்டை, நதியா வளையல் என்று நம்மூர்க் கடைத்தெருவில் எதைத் தொட்டாலும் நதியாவாக இருந்த காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க முடியாது. அதற்குச் சரியாக ஐம்பது வருடம் முன்னால், 1935-ல், பம்பாயில் இதேபோல் ஒரு பெயர் கடைத்தெருவுக்கு வந்தது. நாடியா பெல்ட், நாடியா தீப்பெட்டி, நாடியா சீட்டுக்கட்டு. கூடவே சின்னப் பையன்கள் கேட்டு அடம்பிடித்த சாட்டை. இவற்றுக்கெல்லாம் யாரும் யாரிடமும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. வியாபாரி தன் சரக்குக்கு அவர் பெயரை ஒட்டிக்கொண்டான், அவ்வளவுதான்.

அந்த நாடியா ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். தங்க நிறத் தலைமயிர், நீலக் கண்கள், நல்ல ஆகிருதி. சுதந்திரப் போராட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாட்டில், வெள்ளைக்காரி ஒருத்தி முகமூடி போட்டுக்கொண்டு குதிரையில் வந்து கெட்டவர்களைச் சாட்டையால் விளாசினாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்! இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நம் மகர்பட்டாவில் காலை நடைக்கு வரும் ஒரு மராத்திய ஆஜோபாவிடம் "ஹண்டர்வாலி பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். தொண்ணூறை நெருங்கும் மனிதர். பதில் சொல்லாமல் கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்கி, "ஹே...ய்!" என்று ஒரு குரல் கொடுத்தார். பூங்காவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூவல்தான் நாடியாவின் அடையாளம். நம்மூர்க்காரர்களுக்கு 'காதலன்' படத்துக் கவர்னராக அறிமுகமான கிரீஷ் கர்னாட், 1974-75-ல் இங்கே புனே திரைப்படக் கல்லூரியின் இயக்குநராக இருந்தவர். தம் சிறுவயதில் காதில் விழுந்தவற்றில் மறக்கவே முடியாத ஒலி நாடியாவின் அந்தக் கூவல்தான் என்று அவரும் எழுதியிருக்கிறார்.

மேரி ஆன் எவன்ஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1908 ஜனவரி 8-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். தகப்பனார் ஹெர்பர்ட் எவன்ஸ் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். தாயார் மார்கரெட் கிரேக்க வம்சத்தவர். தகப்பனாருக்குப் பம்பாய்க்கு மாற்றலாக, குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது, 1913-ல், குடும்பம் இந்தியா வந்துவிட்டது. முதல் உலகப் போரில் 1915-ல் தகப்பனார் இறந்துபோனார். பிறகு தாயும் மகளும் பெஷாவர் பக்கம் போனார்கள். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், வேட்டை, மீன்பிடித்தல் எல்லாம் அந்த எல்லைப்புற மாகாணத்தில் கற்றுக்கொண்டவை. பின்னாளில் திரையில் பார்த்துப் பிரமித்தவர்கள் அதை ஏதோ ஸ்டூடியோ பயிற்சி என்று நினைத்தார்கள். அப்படியில்லை, அது அந்தப் பெண் வளர்ந்த விதம்.

1928-ல் தாயோடும், ராபர்ட் என்ற சின்னப் பையனோடும் மறுபடியும் பம்பாய் வந்தார். கணவன் துணையில்லாத பெண், கையில் குழந்தை, வயதான தாய். அந்த நாளில் அது எப்பேர்ப்பட்ட நிலைமை என்று நான் விளக்கவேண்டியதில்லை. ஆர்மி அண்ட் நேவி ஸ்டோரில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டால் இன்னும் கொஞ்சம் நல்ல வேலை கிடைக்கும் என்று நினைத்தார். பம்பாய்க்கு ரயிலேறிய நம் ஆட்களின் கதையும் இதுதானே? நம் தாத்தாக்கள் காலத்தில் மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, பிட்மன் சுருக்கெழுத்தை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. மேரி எவன்ஸ் அந்தத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மேடம் அஸ்ட்ரோவா என்ற ரஷ்யப் பெண்மணியிடம் பாலே நடனம் கற்கப் போனார். அந்த அம்மாள் வைத்திருந்த நடனக் குழு ராணுவ முகாம்கள், சமஸ்தான அரண்மனைகள், சிற்றூர்கள் என்று ஊர் ஊராகச் சுற்றி நிகழ்ச்சி நடத்தும். நாடியாவின் மேடை வாழ்க்கை அங்கேதான் ஆரம்பம். கைகளை ஊன்றிச் சக்கரமாகச் சுழல்வது, கால்களை இருபுறமும் நீட்டித் தரையோடு தரையாக உட்காருவது போன்ற வித்தைகள் அங்கே படிந்தன. ஆர்மீனிய ஜோசியர் ஒருவர் 'ந'கர எழுத்தில் தொடங்கும் பெயர் வைத்துக்கொண்டால் அமோகமாக வருவாய் என்று சொன்னாராம். அப்படி வந்ததுதான் நாடியா. நியூமராலஜி பார்த்துப் பெயரில் ஓரெழுத்தைக் கூட்டிக் குறைக்கும் நம் சினிமாக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. 1930-ல் ஜார்கோ சர்க்கஸிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். நாடகமும் நடனமும் சர்க்கஸுமாக இந்தியா முழுக்கச் சுற்றியதில், எந்த ஊர் ஜனம் எதற்குச் சிரிக்கும், எதற்குக் கைதட்டும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. பின்னாளில் அவர் சினிமாவில் செய்ததற்கு அஸ்திவாரம் இந்த ஊர்சுற்றல்தான் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே வாடியாக்களைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பம்பாயில் கப்பல் கட்டிய பார்சி வம்சம் அது. 18-ஆம் நூற்றாண்டில் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா சூரத்திலிருந்து வந்து தொடங்கிய தொழில். அவர்கள் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817-ல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றுக்குத் திருகோணமலையின் பெயரை வைத்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிப் பொருளாக நிற்கிறது. இந்தக் குடும்பத்தில் 1901-ல் பிறந்த ஜே.பி.எச். வாடியா, நன்றாகப் படித்தவர், குடும்பத்தார் முகம் சுளிக்கச் சினிமாவுக்கு வந்தார். தம்பி ஹோமி 1911-ல் பிறந்தவர், படிப்பை விட்டுவிட்டு அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். 1933-ல் வாடியா மூவிடோன் தொடங்கியது. பரேல் பகுதியில் இருந்த பரம்பரை மாளிகையான லவ்ஜி காஸல்தான் ஸ்டூடியோ. அண்ணனுக்கு அமெரிக்க நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் என்றால் உயிர். 'தி மார்க் ஆஃப் ஜோரோ' படத்தை இங்கே விநியோகம் செய்தவரே அவர்தான். முகமூடி, குதிரை, வாள், ஏழைக்கு இரங்கும் வீரன் என்ற சரக்கை இந்திய ராஜா ராணிக் கதையில் கலந்து கொடுக்கலாம் என்ற யோசனை அங்கிருந்து வந்தது.

வாடியாவைப் பார்க்க வந்த நாடியாவுக்கு முதலில் கிடைத்தது 'தேஷ் தீபக்' படத்தில் அடிமைப் பெண்ணாக ஒரு சின்ன வேஷம். அடுத்து 'நூர்-எ-யமன்' படத்தில் இளவரசி பரிஜாத். இரண்டும் 1935. ஜனங்களுக்கு முகம் பிடித்துப் போயிற்று. பெயர்தான் வாடியாவுக்கு உறுத்தியது. நந்தா தேவி என்று மாற்றிக்கொள், கறுப்புச் சடை வைத்துக் கட்டிக்கொள் என்றாராம். நாடியா முடியாது என்று சொல்லிவிட்டார். தான் தேவியும் இல்லை, நாடியா என்ற பெயர்தான் வாடியாவோடு எதுகையாக இருக்கிறது என்று கேலியாகப் பதில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. சினிமாவில் வாய்ப்புக் கேட்டு வந்து நிற்கும் இருபத்தேழு வயதுப் பெண் முதலாளியிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும்!

இது சின்ன விஷயமில்லை. அதற்கு முந்தைய பத்து வருடத்துச் சினிமாவைப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். குடும்பப் பெண்கள் சினிமாவுக்கு வரத் தயங்கிய ஊமைப்படக் காலத்தில் கதாநாயகியாக நடித்தவர்களில் பலர் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும்தான். ஆனால் இந்துப் பெயரில். ரெனீ ஸ்மித் சீதா தேவி ஆனார். நம் புனேயிலேயே 1907-ல் பிறந்த ரூபி மேயர்ஸ் என்ற யூதப் பெண் சுலோசனா ஆனார். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து நடிக்க வந்து, 1927-ல் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் எட்டு வேஷம் கட்டியவர். ஊமைப்படத்தில் பாஷைப் பிரச்சினை இல்லை. 1931-ல் 'ஆலம் ஆரா' வந்து படம் பேசத் தொடங்கியதும் சுலோசனா போன்றவர்களின் சிம்மாசனம் ஆடியது. அவர் ஒதுங்கியிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டு திரும்ப வரவேண்டியிருந்தது. ஆக, பேசும் படம் வந்து அந்நிய முகங்களை வெளியேற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நாடியா உள்ளே நுழைகிறார். அதுவும் தலைமயிருக்குச் சாயம் பூசாமல், பெயரை மாற்றாமல்.

இந்தி? அது சுமார்தான். வெள்ளைக்கார வாடை அடிக்கும் உச்சரிப்பு. வாடியா சகோதரர்கள் அதை மறைக்கவும் இல்லை, அதைப் பெரிதாக நம்பவும் இல்லை. வசனத்தைக் குறைத்துக் கையையும் காலையும் பேச வைத்தார்கள். நாமும் மண்டையில் காய்கறிக்காரரிடம் பேசும் மராத்தியின் லட்சணம் நமக்குத் தெரியும். பாதிக்குமேல் கைதான் பேசுகிறது. ஆனாலும் இருபது வருடம் கழித்து அதே காய்கறிக்காரர் நம்மை அம்மா என்றும் அண்ணா என்றும் கூப்பிடத்தானே செய்கிறார்?

'ஹண்டர்வாலி' படத்தை இயக்கியவர் ஹோமி வாடியா. இந்தியில் ஹண்டர் என்றால் சாட்டை. சாட்டைக்காரி என்று பொருள். கதை எளிமையானது. மந்திரி ரணமல் ராஜாவைச் சிறைப்படுத்தி ஆட்சியைப் பிடிக்கிறான். இளவரசி மாதுரி பகலில் இளவரசி, இரவில் முகமூடியணிந்த ஹண்டர்வாலி. கொடுமைக்காரனை அடித்து ஏழைக்குக் கொடுக்கிறாள். படம் முடிந்ததும் விநியோகஸ்தர்கள் பின்வாங்கினார்கள். அரைக்கால் சட்டையும் பூட்ஸும் போட்ட வெள்ளைக்காரி ஆண்களை அடிக்கும் படத்தை எந்த ஊர்க்காரன் பார்ப்பான்? வாடியாக்கள் பில்லிமோரியா என்பவரோடு சேர்ந்து தாங்களே படத்தை வெளியிட வேண்டியதாயிற்று. பிறகு நடந்தது சரித்திரம். கிராண்ட் ரோடு சூப்பர் சினிமாவில் வாரக் கணக்கில் கூட்டம். நாடியாவின் பெயருக்கு முன்னால் 'அஞ்சாத' என்று பொருள்படும் 'ஃபியர்லெஸ்' என்ற அடைமொழி நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

1936-ல் 'மிஸ் ஃபிராண்டியர் மெயில்'. ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் சவிதாவாக, ஓடும் ரயிலின் கூரைமேல் நின்று சண்டை போடுகிறார். ஒரு ஆளை அப்படியே தலைக்குமேல் தூக்குகிறார். டூப் கிடையாது, கம்பி கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஃபிராண்டியர் மெயில் என்பது பம்பாயையும் பெஷாவரையும் இணைத்த நிஜ வண்டி. அது ஓடத் தொடங்கிய 1928-லேதான் நாடியாவும் பம்பாய்க்கு வந்தார் என்பதை நினைத்தால் சுவையாக இருக்கிறது. பிறகு 1938-ல் 'லுட்டாரு லல்னா', 1939-ல் 'பஞ்சாப் மெயில்', 1940-ல் 'டயமண்ட் குவீன்', 1941-ல் 'பம்பாய்வாலி', 1942-ல் 'ஜங்கிள் பிரின்சஸ்'. கூட நடித்தவர் ஜான் காவஸ் என்ற கட்டுமஸ்தான பார்சி. அப்புறம் 'பஞ்சாப் கா பேட்டா' என்ற குதிரை. 'கன்போட்' என்ற நாய். 'ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி' என்று பெயர் சூட்டப்பட்ட ஓட்டைக் கார். போஸ்டரில் நாய்க்கும் காருக்கும் தனித்தனியாகப் பெயர் போடுவார்கள். பின்னாளில் தேவர் பிலிம்ஸ் படங்களில் யானையும் பாம்பும் ஆடும் கதாபாத்திரங்களாக வந்தபோது கைதட்டிய நமக்கு இந்த வழி பழக்கமானதுதான்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தேசபக்தி பொங்கிய காலத்தில் வெள்ளைக்காரியை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில், வெள்ளைத் தோல் மோகம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அரைக்கால் சட்டையோடு குதிக்கும் வேஷத்தை ஒரு மராத்தியப் பெண்ணோ தமிழ்ப் பெண்ணோ ஏற்றிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்காது என்பார்கள். ஆனால் அதற்கு நேர் எதிரான சாட்சி தமிழிலேயே இருக்கிறது. 1937-ல் 'மின்னல்கொடி' என்ற தமிழ்ப் படம் வந்தது. கே. அமர்நாத் இயக்கம். இவர் பின்னாளில் பம்பாய் இந்திப் படங்களில் பெயர் பெற்றவர். கதாநாயகி கே.டி. ருக்மணி, ஜோடி சீனிவாச ராவ். சொத்தை இழந்த பெண் ஒருத்தி, செத்துப்போன கொள்ளைக்காரனின் பெயரைத் தான் எடுத்துக்கொண்டு குதிரையேறிப் பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் கதை. நாடியா பாணிதான். ஆனால் நடித்தது அசல் தமிழ்ப் பெண். படம் நன்றாகவே ஓடியது. அல்லி அரசாணிக் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு ஆண் வேடம் பூண்ட வீரப்பெண் என்ன புதுசா? வடக்கே ஜான்சி ராணி, நம் பக்கம் வேலு நாச்சியார். சாட்டைக்கும் பூட்ஸுக்கும் முன்னாலேயே அந்த உருவம் ஜனங்களின் மனசில் இருந்தது. நாடியா அந்த இடத்தில்தான் வந்து நின்றார்.

இன்னொரு காரணமும் உண்டு, அது வாடியாவின் கெட்டிக்காரத்தனம். ஜே.பி.எச். வாடியா அரசியல் ஈடுபாடு உள்ளவர். முதலில் காங்கிரஸ் அனுதாபி, பிறகு எம்.என். ராயின் வழி. பிரிட்டிஷ் சென்சார் விழிப்பாக இருந்த காலத்தில் நேராக எதையும் சொல்ல முடியாது. ஆகவே அவர் படங்களில் சட்ட விரோதமாக நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு மந்திரியோ முதலாளியோ இருப்பான். ஜனங்கள் கஷ்டப்படுவார்கள். இது யாரைக் குறிக்கிறது என்று தரை டிக்கெட்டுக்காரனுக்குத் தெரியும். அதில் அடிக்கிறவள் வெள்ளைக்காரியாக இருப்பதால் சென்சார்காரனுக்குச் சந்தேகம் வருமா என்ன? 'டயமண்ட் குவீன்' படத்தில் பம்பாயில் படித்துவிட்டு ஊர் திரும்பும் மதுரிகா, பெண்களை அடக்கி வைத்துவிட்டு நாடு விடுதலை பெற முடியாது என்ற கருத்தை நேராகவே பேசுகிறாள். அரைகுறை இந்தியில், ஒரு ஸ்டண்ட் நடிகையின் வாயால், 1940-ல்!

வேடிக்கை என்னவென்றால், இதே கருத்தை இதே காலத்தில் புனேயில் ஒருவர் சொன்னார், அவருக்குச் சரித்திரத்தில் பெரிய இடம் கிடைத்தது. பிரபாத் கம்பெனியில் சாந்தாராம் 1936-ல் எடுத்த 'அமர் ஜோதி'. ஆண்களின் சட்டத்தால் பிள்ளையைப் பறிகொடுத்து, கடற்கொள்ளைக்காரியாக மாறும் சௌதாமினி. நடித்தவர் துர்கா கோட்டே, பெரிய குடும்பத்துப் பெண். அதே வருடத்துப் பிரபாத் படமான 'சந்த் துக்காராம்' வெனிஸ் வரை போய்ப் பெருமை பெற்றது. இந்திய சினிமா வரலாறு என்று யார் எழுதினாலும் பிரபாத்துக்கு ஓர் அத்தியாயம், கல்கத்தா நியூ தியேட்டர்ஸுக்கு ஓர் அத்தியாயம், தேவிகா ராணியின் பாம்பே டாக்கீஸுக்கு ஓர் அத்தியாயம். வாடியா மூவிடோனுக்கு வெகுகாலம் ஒரு வரிதான், அதுவும் 'மலிவான ஸ்டண்ட் படங்கள்' என்று. துர்கா கோட்டே வாளெடுத்தால் சமூக சிந்தனை, நாடியா சாட்டை எடுத்தால் ஸ்டண்ட்! பார்க்க வந்தவர்கள் மில் தொழிலாளிகளும், டெண்ட் கொட்டகையில் மணலில் உட்காரும் ஜனங்களும் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. படங்களில் குறையே இல்லையென்று சொல்லவரவில்லை. கதை மெல்லிசு. காமெடிக் காட்சிகள் இழுவை. காட்டுவாசிகளைக் காட்டும் விதம் இன்று பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தக் குறைகள் அந்தக் காலத்து 'உயர்ந்த' படங்களில் மட்டும் இல்லையா?

நம் பக்கத்தில் எல்லிஸ் ஆர். டங்கன் கதை எல்லோருக்கும் தெரியும். 1936-ல் 'சதி லீலாவதி'யில் தொடங்கி 'சகுந்தலை', 'மீரா', 1950-ல் 'மந்திரி குமாரி' வரை இயக்கிய அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். அவரைத் தமிழ்ச் சினிமா வரலாறு மரியாதையாகவே நினைவில் வைத்திருக்கிறது. அவர் காமிராவுக்குப் பின்னால் இருந்தார், 1950-ல் ஊருக்குத் திரும்பிவிட்டார். காமிராவுக்கு முன்னால் நின்று, எலும்பைப் பணயம் வைத்து, திரும்பியே போகாமல் இங்கேயே இருந்துவிட்ட பெண்ணின் கதை வேறு.

1940களில் வாடியாக்களிடையே பிளவு. அண்ணனுக்குத் தரமான படங்கள் எடுக்கவேண்டும் என்ற ஆசை. சாதனா போஸை வைத்து 'ராஜ் நர்த்தகி' படத்தை 1941-ல் ஆங்கிலத்திலும் சேர்த்தே எடுத்தார். செலவு ஏறியது. தம்பி ஹோமிக்கு நாடியா படம்தான் சோறு போடுகிறது என்ற கணக்கு. 1942-ல் ஹோமி தனியாக பசந்த் பிக்சர்ஸ் தொடங்கினார். லவ்ஜி காஸல் கைமாறியது. வாங்கியவர் யார்? புனேயில் பிரபாத்தை விட்டுப் பிரிந்து வந்த சாந்தாராம்! அங்கேதான் அவருடைய ராஜ்கமல் கலாமந்திர் எழுந்தது. நாடியா கூரையேறிக் குதித்த இடத்தில் சாந்தாராமின் படங்கள். பசந்தின் முதல் படம் 1943-ல் வந்த 'ஹண்டர்வாலி கி பேட்டி'. எட்டு வருடம் கழித்தும் சாட்டைக்கு மவுசு குறையவில்லை. பிற்பாடு பசந்த் ஸ்டூடியோ அமைந்த இடம் செம்பூர். செம்பூரில் குடியிருந்த நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் சந்தைக்குப் போகும் வழியில் அந்த மதில் சுவரைத் தாண்டிப் போயிருப்பார்கள்!

ஹோமிக்கும் நாடியாவுக்கும் இடையில் இருந்த அன்பு சினிமா உலகில் ரகசியமில்லை. ஆனால் ஹோமியின் தாயார் இருந்தவரை கல்யாணம் இல்லை. பார்சி வீட்டில் வெளியாள் மருமகளா? ஊரே கொண்டாடிய பெண்ணுக்கு ஒரு வீட்டு வாசற்படி மட்டும் திறக்கவில்லை. 1961-ல்தான் திருமணம் நடந்தது. அப்போது நாடியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது, ஹோமிக்கு ஐம்பது. மகன் ராபர்ட்டை ஹோமி தம் மகனாக ஏற்றுக்கொண்டார். இந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதியவர்கள் எல்லாம் ஹோமியைப் புகழ்கிறார்கள். இத்தனை வருடம் காத்திருந்தது அவர் மட்டும்தானா? 1968-ல் 'கிலாடி' என்ற படத்தில் அறுபது வயதில் மறுபடியும் ஒருமுறை சண்டைக்காட்சியில் இறங்கினார். அதோடு சரி.

பிறகு கால் நூற்றாண்டுக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. 1993-ல் ஜே.பி.எச்.சின் பேரன் ரியாத் வின்சி வாடியா, வீட்டில் கிடந்த படச்சுருள்களை வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். வெளிநாட்டு விழாக்களில் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஜெர்மனியிலிருந்து டோரதி வென்னர் வந்து நாடியாவின் வாழ்க்கையை எழுதினார். இங்கிலாந்தில் ரோஸி தாமஸ் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அதற்குப் பிறகுதான் நம் சினிமா அறிஞர்களுக்கும் நாடியா கண்ணில் பட்டார். இதையெல்லாம் பார்க்க அவருக்குக் கொஞ்ச நாள்தான் கிடைத்தது. எண்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள், 1996 ஜனவரி 9-ஆம் தேதி, மும்பையில் காலமானார். ஊரின் பெயர் பம்பாயிலிருந்து மும்பையாக மாறியதற்கு அடுத்த வருடம் அது. 2004-ல் ஹோமி மறைந்தார். 2018-ல் நாடியாவின் நூற்றுப்பத்தாவது பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான்.

நாடியாவின் படங்கள் ஓரளவாவது தப்பியதற்குக் காரணம் வாடியா குடும்பம் சுருள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. 'மின்னல்கொடி' போன்ற நம் 1930களின் படங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அந்தப் பத்தாண்டின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. நைட்ரேட் பிலிம் என்பது எளிதில் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டால் தானாகவே உளுத்துப்போகும். அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போட்டவர்களும் உண்டு. நம் புனேயின் லா காலேஜ் சாலையில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து வந்த பி.கே. நாயர் வாழ்க்கை முழுவதும் ஊர் ஊராக அலைந்து ஒவ்வொரு சுருளாகச் சேர்த்தார். உயர்ந்த படம், மட்டமான படம் என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாமே காப்பாற்றப்பட வேண்டியவை என்பதுதான் அவருடைய கட்சி. 2016-ல் அவர் காலமானதும் இதே புனேயில்தான். 2003 ஜனவரியில் ஏற்பட்ட தீ விபத்தில் 600-க்கும் மேற்பட்ட படங்களின் நைட்ரேட் சுருள்கள் சாம்பலாகின. 2022-ல் அந்தக் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. பெயர்ப்பலகைதான் மாறியது, வேலை நடந்துகொண்டிருக்கிறது.

படச்சுருள் போனாலும் காகிதம் சில இடங்களில் இருக்கும். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் ஓரணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைக் காப்பகத்தார் மிகவும் மதித்து வாங்கி வைக்கிறார்கள். கதைச் சுருக்கமும், நடித்தவர் பெயரும், ஸ்டூடியோ விலாசமும் அதில்தான் கிடைக்கும். நம் சங்க உறுப்பினர் வீடுகளில், ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுப் பரணில், தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் அப்படி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கே.டி. ருக்மணி குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட புத்தகம் கையில் கிடைத்தால், ஹடப்சரிலிருந்து லா காலேஜ் சாலைக்கு டிராஃபிக்கில் ஒரு மணி நேரப் பயணம்தான்.